கையுறையைக் கழற்றும் நாள்: ஆண்டர்சன் சில்வா குறித்து வாசகர் கேள்விகள்

2025 டிசம்பரில் மயாமியில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியொன்றில், 50 வயதான பிரேசில் வீரர் ஆண்டர்சன் சில்வா, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் சேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைக் கூண்டுக்குள் நடத்தும் யு.எஃப்.சி. நிறுவனத்தின் முன்னாள் வெல்டர்வெயிட் எடைப்பிரிவுச் சாம்பியன் டைரன் வுட்லியை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தினார். அதையொட்டி வந்த கடிதங்களில் சில வாழ்த்துகின்றன, சில வருந்துகின்றன, ஒன்றிரண்டு கோபத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றின் அடியிலும் இருப்பது, அவர் இனியும் ஆடலாமா, ஓய்வு பெற வேண்டுமா என்ற ஒரே கவலை என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சில்வாவின் பெயரைக் கேட்டாலே எதிராளிகள் நடுங்குவார்கள் என்று என் அண்ணன் சொல்வார். நான் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைப் பார்க்கத் தொடங்கியபோது அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். உண்மையிலேயே அவர் அவ்வளவு பெரிய வீரரா?

உங்கள் அண்ணன் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1975இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் பிறந்து, குரிச்சிபா நகரில் உறவினர் வீட்டில் வளர்ந்த சில்வா, 2006 ஜூன் மாதம் யு.எஃப்.சி.யில் தாம் ஆடிய முதல் போட்டியில் கிறிஸ் லீபனை 49 விநாடிகளில் சாய்த்தார். அதே ஆண்டு அக்டோபரில், அப்போதைய மிடில்வெயிட் சாம்பியன் ரிச் ஃபிராங்ளினின் கழுத்தை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்து, முழங்காலால் மாறி மாறித் தாக்கி, முதல் சுற்றிலேயே பட்டத்தைப் பறித்தார். அந்தப் பட்டம் 2,457 நாள்கள் அவரிடமே இருந்தது. பத்து முறை அதைக் காத்துக்கொண்டார், யு.எஃப்.சி.யில் தொடர்ச்சியாக 16 வெற்றிகள் பெற்றார். பட்டத்தைக் காத்த எண்ணிக்கையில் அவரை டிமெட்ரியஸ் ஜான்சன் 2017இல் முந்தினார். அந்த 16 வெற்றிகளை இஸ்லாம் மகச்சேவ் எட்டிப் பிடிப்பதற்கோ 2025 நவம்பர் வரை ஆயிற்று.

ஆனால் எண்களை மட்டும் வைத்து அவரைப் புரிந்துகொள்ள முடியாது. 2009 ஆகஸ்டில் அவர் ஒரு எடைப்பிரிவு மேலேறி, முன்னாள் லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ஃபாரஸ்ட் கிரிஃபினை எதிர்கொண்ட போட்டியைத் தேடிப் பாருங்கள். தம்மைவிடப் பெரிய உடல்வாகு கொண்ட அந்த மனிதர் வீசிய குத்துகளையெல்லாம், கைகளைத் தொங்கவிட்டபடியே தலையை மட்டும் இப்படியும் அப்படியும் சாய்த்துத் தவிர்த்துவிட்டு, கடைசியில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நீட்டிய ஒரே குத்தில் அவரைக் கீழே கிடத்தினார். பின்வாங்கும்போது குத்துக்கு வலு இருக்காது என்பது பயிற்சிக்கூடங்களில் முதல் மாதமே சொல்லித்தரும் பாடம். அந்தப் பாடம் அன்று பொய்த்தது. 2011 பிப்ரவரியில் விட்டோர் பெல்ஃபோர்ட்டின் தாடையில் நேராக ஏறிய முன் உதையும் அப்படிப்பட்டதே. அதற்கு முன்பு உயர்மட்டப் போட்டிகளில் பலரும் அந்த உதையை எதிராளியைத் தள்ளி நிறுத்தும் கருவியாகவே வைத்திருந்தார்கள். அதன் பிறகு அது ஆளை வீழ்த்தும் ஆயுதமாக எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் பழகப்பட்டது.

இவை இரண்டையும்விட எனக்கு நெருக்கமானது 2010 ஆகஸ்டில் சேல் சனனோடு நடந்த போட்டி. மல்யுத்த வீரரான சனன், நான்கு சுற்றுகளுக்கும் மேலாகச் சில்வாவைத் தரையில் மல்லாத்தி, மேலே ஏறி அமர்ந்து குத்திக்கொண்டே இருந்தார். மதிப்பெண்களில் சில்வா தோற்றுவிட்டார் என்பது பார்த்துக்கொண்டிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஐந்தாம் சுற்றில், முடிவுக்கு இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாகவே இருந்த நேரத்தில், கீழே கிடந்தபடியே எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் தம் கால்களுக்கிடையே முக்கோணமாகப் பூட்டி, அந்தக் கையை மடக்கி, சனனைத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். தனக்கு எல்லாம் எளிதாக வருகிறது என்று அலட்சியமாக இருப்பவர் என அவர் மீது சொல்லப்பட்ட குறைக்கு, அந்த 23 நிமிடங்களைவிடச் சிறந்த மறுமொழி தேவையில்லை.

கேள்வி: 2012லேயே அவர் விலகியிருந்தால் தோல்வி காணாத யு.எஃப்.சி. சாம்பியனாக வரலாற்றில் நின்றிருப்பார். ஆசையால் தன் புகழைத் தானே கெடுத்துக்கொண்டார் என்பது என் கருத்து. ஏற்கிறீர்களா?

உங்கள் வருத்தத்தை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. கணக்கு உங்கள் பக்கம் இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது. 2013 ஜூலையில் கிறிஸ் வைட்மனிடம் பட்டத்தை இழந்தது முதல் 2020 அக்டோபர் வரை யு.எஃப்.சி.யில் அவர் ஒன்பது முறை களமிறங்கினார். அதில் ஏழு தோல்விகள். நிக் டயஸுக்கு எதிரான வெற்றி பின்னர் ரத்து செய்யப்பட்டது. ஏட்டில் நிற்கும் வெற்றி 2017இல் டெரிக் பிரன்சனுக்கு எதிரான ஒன்றே ஒன்று.

ஆனால் அந்தத் தோல்விகள் யாரிடம், எந்த நிலையில் நேர்ந்தவை என்று பாருங்கள். 2016இல் லண்டனில் மைக்கேல் பிஸ்பிங்கை மூன்றாம் சுற்றின் முடிவில் பறந்து வந்த முழங்காலால் சாய்த்துவிட்டு, போட்டி முடிந்துவிட்டதாக நினைத்துக் கூண்டின் மீதே ஏறி அமர்ந்தவர், கடைசியில் நடுவர்களின் மதிப்பெண்ணில் தோற்றார். அதே ஆண்டு ஜூலையில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், இரண்டே நாள் அவகாசத்தில் டேனியல் கார்மியருக்கு எதிராக எடைப்பிரிவு மேலேறி நின்றார். 2019இல் மெல்பர்னில் அவரை வென்ற இஸ்ரேல் அடேசான்யா, சில்வாவைப் பார்த்தே வளர்ந்ததாகச் சொன்னவர். அன்று அவர்கள் இருவரும் ஒருவர் பாணியை ஒருவர் எதிரொலித்தபடி ஆடிய மூன்று சுற்றுகள், ஒரு குருவும் அவரை நேரில் காணாத மாணவரும் பேசிக்கொண்டதுபோல இருந்தன. இந்தப் போட்டிகளை நீக்கிவிட்டால் வரலாறு தூய்மையாகும், வறுமையும் ஆகும்.

உச்சத்தில் இருக்கும்போதே விலகியவர்களை நான் மதிக்கிறேன். கபீப் நுர்மகமேதவ் தந்தையை இழந்த சில மாதங்களில், 2020 அக்டோபரில், 32 வயதில், 29 வெற்றி, தோல்வி இல்லை என்ற நிலையில் தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காரணம் காட்டி வெளியேறினார். ஜார்ஜ் செயின்ட் பியர் 2013இல் பட்டத்தைத் துறந்து, நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, இன்னொரு எடைப்பிரிவின் பட்டத்தையும் வென்றுவிட்டு, மறுபடி ஆடாமலே 2019இல் ஓய்வை அறிவித்தார். இந்த இருவரின் முடிவும் அழகானது. ஆனால் 2006 முதல் 2012 வரை சில்வா செய்ததை, அதற்குப் பிறகு நடந்த எதுவும் பின்னோக்கிச் சென்று மாற்றிவிட முடியாது. அவர் ஓய்வு பெற வேண்டுமென்று சொல்வதற்கு எனக்கு வேறு காரணம் இருக்கிறது. அதைக் கீழே இன்னொரு கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கைகளைக் கீழே விட்டு ஆடியே அத்தனை பேரை வென்றவர், அதே ஆட்டத்தால் வைட்மனிடம் எப்படி வீழ்ந்தார்? ஒரே ஆண்டில் ஒருவருக்கு அவ்வளவு வயதாகிவிடுமா?

ஒரே ஆண்டில் வயதாவதில்லை. வயதாகியிருப்பது ஒரே நாளில் வெளிப்படுகிறது. 2013 ஜூலை 6 அன்று சில்வாவுக்கு வயது 38. இரண்டாம் சுற்றில், வழக்கம்போல் இடுப்பிலிருந்து பின்னே சாய்ந்து குத்துகளை விலக்கிக்கொண்டிருந்தவரை, வைட்மனின் இடக்கைக் கொக்கிக் குத்து எட்டிவிட்டது. கர்வத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை, ஏனென்றால் அதே கர்வம் அதற்கு முன்பு ஏழு ஆண்டுகள் தண்டிக்கப்படவே இல்லை.

சில்வாவின் தற்காப்பு, எதிராளியின் தோளும் இடுப்பும் அசையத் தொடங்கும் கணத்திலேயே என்ன வரப்போகிறது என்று கண்டுகொண்டு, அது வந்து சேர்வதற்குள் அந்த இடத்தைக் காலி செய்துவிடுவதில் அடங்கியிருந்தது. கைகளை உயர்த்தித் தாடையை மறைப்பவருக்குக் கணிப்பு சற்றுப் பிசகினாலும் குத்து முன்கையில் விழுந்து வலு இழக்கும். கைகளைத் தொங்கவிடுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கண் காண்பதற்கும் உடல் நகர்வதற்கும் இடையிலான நேரம் முப்பதுகளில் மிக மெல்லக் கூடத் தொடங்குகிறது. அன்றாட வாழ்வில் யாரும் உணராத அளவு அது. அந்த அளவையே நம்பித் தம் கலையைக் கட்டியவருக்கோ அது முழு வித்தியாசம். கைவலு கடைசியில்தான் போகும் என்று குத்துச்சண்டைக்காரர்கள் சொல்வதுண்டு. முதலில் போவது இந்த நேரக்கணிப்பு.

இன்னொன்றும் உண்டு. தாடை உறுதி என்று நாம் சொல்வது உண்மையில் தாடையைப் பற்றியது இல்லை. குத்து விழும்போது தலை சட்டென்று சுழல்கிறது, மண்டையோட்டுக்குள் மூளை அதே வேகத்தில் சுழல முடியாமல் இழுபடுகிறது, அந்த இழுபாட்டில்தான் நினைவு தவறுகிறது. ஆண்டுக்கணக்கில் வாங்கிய அடிகள், போட்டிகளில் வாங்கியவற்றைவிடப் பயிற்சிக்கூடத்தில் வாங்கியவை பெரும்பாலும் அதிகம், அந்தத் தாங்குதிறனைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. இளமையில் சிரித்துக்கொண்டே வாங்கிய குத்து, நாற்பதை நெருங்கும்போது கால்களைத் தளரவைக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று நடந்த மறுபோட்டியில், சில்வாவின் உதையை வைட்மன் முழங்காலை உயர்த்தித் தடுத்தபோது சில்வாவின் கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் முறிந்தன. அந்தக் காட்சியின் மறு ஒளிபரப்பை நான் இன்றுவரை பார்க்கவில்லை. 2021 ஏப்ரலில் வைட்மனுக்கும், யூரையா ஹாலுக்கு எதிராக விட்ட முதல் உதையிலேயே, அதேபோல் கால் முறிந்தது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு யு.எஃப்.சி.யில் சில்வாவைக் கடைசியாக வீழ்த்தியவரும் அதே ஹால்தான். இத்தகைய தற்செயலை ஒரு கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் ராண்டி கொச்சூர், குளோவர் டெஷேரா போன்றவர்கள் நாற்பதுக்கு மேல் எப்படிப் பட்டம் வென்றார்கள்?

அவர்களுடைய கலை வேறோர் அடித்தளத்தில் நின்றது. 2006 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்த கொச்சூர், 2007 மார்ச்சில் திரும்பி வந்து, 43 வயதில், தம்மைவிட மிக உயரமான டிம் சில்வியாவை ஐந்து சுற்றுகளும் அடக்கி ஆண்டு, ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தார். டெஷேரா தம் 42ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து, 2021 அக்டோபர் 30 அன்று அபுதாபியில் யான் பிளாஹோவிச்சைக் கழுத்துப் பிடியால் வென்று லைட் ஹெவிவெயிட் சாம்பியனானார். ஒருவர் கிரேக்க-ரோமானிய மல்யுத்தத்திலும், மற்றவர் பிடிகளாலும் பூட்டுகளாலும் வெல்லும் கலையான ஜியு-ஜிட்சுவிலும் ஊறியவர்கள். எதிராளியை ஒட்டிப் பிடித்துக்கொண்டால், நொடியின் சிறு பகுதியில் முடிவெடுக்கும் தேவை குறைகிறது. எடை, சமநிலை, பிடியின் வலு, அடுத்த மூன்று அசைவுகளை முன்கூட்டியே அறியும் அனுபவம் ஆகியவை பேசுகின்றன. இவை நாற்பதிலும் கைவிடுவதில்லை. பெரிய எடைப்பிரிவுகளில் ஆட்டத்தின் வேகமும் சற்றுக் குறைவு.

அவர்களுக்கும் அந்த நாள் வரவே செய்தது. கொச்சூர் 2011 ஏப்ரலில் லியோட்டோ மச்சிடாவின் உதையில் வீழ்ந்தபோது வயது 47. அதன் பிறகு அவர் கூண்டுக்குள் வரவில்லை. டெஷேரா 2023 ஜனவரியில் ரியோவில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் ஐந்து சுற்றுகள் அடி வாங்கித் தோற்றபின், கையுறைகளைக் கழற்றிக் கூண்டின் நடுவே வைத்துவிட்டுப் போனார். ஓய்வை அறிவிக்க இந்த விளையாட்டில் உள்ள வழக்கம் அது. பேச்சே தேவைப்படாத ஓர் அறிவிப்பு.

கேள்வி: ஊக்கமருந்துச் சோதனையில் இரண்டு முறை சிக்கியவரை நீங்கள் இவ்வளவு புகழ்வது சரியா?

கேட்க வேண்டிய கேள்வி. 2015 ஜனவரியில் டயஸுடனான போட்டியை ஒட்டி எடுக்கப்பட்ட சோதனைகளில் தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டுகள் கண்டறியப்பட்டன. போட்டிகளை ஒழுங்குபடுத்தும் நெவாடா மாநில ஆணையம் அவரை ஓராண்டு இடைநீக்கம் செய்து, அபராதம் விதித்து, வெற்றியை ரத்து செய்தது. நண்பர் ஒருவர் தந்த மருந்தில் அது கலந்திருக்கலாம் என்று அவர் கொடுத்த விளக்கத்தை ஆணையம் ஏற்கவில்லை. எனக்கும் அது நம்பும்படியாக இல்லை. 2017இல் வந்த இரண்டாவது முடிவு வேறு வகை: மருந்தகத்தில் தயாரிக்கப்பட்ட துணை உணவில் கலப்படம் இருந்ததை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யு.எஸ்.ஏ.டி.ஏ.வே ஏற்றுக்கொண்டு தண்டனையைக் குறைத்தது.

முதலாவது ஒரு கறை. அதை மறைத்துவிட்டு அவருடைய வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. அது முறிந்து தேறிய காலோடு, 39 வயதில், மீண்டும் நிற்க முடியுமா என்று தெரியாத நிலையில் நேர்ந்தது என்பதை நான் நினைவூட்டுவது, செய்ததைச் சரியென்று சொல்வதற்காக இல்லை. விலக மறுக்கும் மனம் எந்த எல்லை வரை செல்லும் என்பதைக் காட்டுவதற்காகவே. பட்டம் வைத்திருந்த ஆண்டுகளில் அவர் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஆண்டு முழுவதும் நடக்கும் சோதனைமுறை யு.எஃப்.சி.யில் இல்லை என்பதும் உண்மை. அது 2015 ஜூலையில்தான் வந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

கேள்வி: ஒரு வீரர் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? அவருக்கா, மருத்துவருக்கா, போட்டி நடத்துபவருக்கா?

சட்டப்படி பார்த்தால், அமெரிக்காவில் உரிமம் வழங்கும் மாநில ஆணையத்துக்கு மறுக்கும் அதிகாரம் உண்டு. நாக் அவுட் ஆனவருக்குக் கட்டாய மருத்துவ இடைநீக்கம் உண்டு. வயது கூடியவர்களிடம் கூடுதல் பரிசோதனைகள் கேட்கப்படுவதும் உண்டு. ஆயினும் ஓரிடத்தில் கதவு மூடினால் இன்னோரிடத்தில் திறக்கிறது. போட்டி நடத்தும் நிறுவனம் ஒருவரை விடுவித்தால், வேறொன்று அவருடைய பெயருக்காகவே ஏற்றுக்கொள்கிறது. 2020 அக்டோபரில் ஹாலிடம் நான்காம் சுற்றில் சில்வா வீழ்ந்த பிறகு, அவரை அன்று களமிறக்கியதே தவறு என்று யு.எஃப்.சி. தலைவர் டேனா வைட் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. ஓராண்டுக்குள் சில்வா குத்துச்சண்டை மேடையில் இரண்டு வெற்றிகள் பெற்றிருந்தார்: மெக்சிகோவில் ஹூலியோ சேசர் சாவேஸ் ஜூனியருக்கு எதிராக ஒன்று, டிட்டோ ஓர்டிஸுக்கு எதிராக மற்றொன்று.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2010இல் தொடர் நாக் அவுட்களுக்குப் பிறகு விலகவைக்கப்பட்ட சக் லிடெல், எட்டு ஆண்டுகள் கழித்து, 48 வயதில், வேறொரு நிறுவனத்தின் மேடையில் தம் பழைய எதிரி ஓர்டிஸை எதிர்கொள்ளத் திரும்பினார். ஒரு காலத்தில் இருமுறை அதே ஓர்டிஸை வீழ்த்தியவர், அன்று கால்களை நகர்த்தவே சிரமப்பட்டு முதல் சுற்றிலேயே சரிந்தார். உரிமம் கொடுக்கப்பட்டிருந்தது, மருத்துவப் பரிசோதனை முடிந்திருந்தது, தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. லிடெலைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்தப் போட்டி நடந்திருக்கவே கூடாது என்பதில் ஐயம் இருக்க முடியாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நியாயமாகாது. யு.எஃப்.சி. வீரர்கள் ஊழியர்கள் அல்லர், தனி ஒப்பந்ததாரர்கள். ஓய்வூதியம் கிடையாது, தொழிற்சங்கம் கிடையாது. 2014இல் முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு, 2010 முதல் 2017 வரை ஆடியவர்களுக்காக 37.5 கோடி டாலர் இழப்பீட்டுடன் சமரசமாக முடிந்து, 2025இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. கலிபோர்னியா மாநிலம் 2023இல் இந்த விளையாட்டு வீரர்களுக்கென ஓய்வு நிதி ஒன்றைச் சட்டமாக்கியது. இரண்டும் நல்ல தொடக்கங்கள். ஆனால் பதினைந்து ஆண்டுகள் வேறெந்தத் தொழிலும் கற்காமல் உடலையே மூலதனமாக வைத்து வாழ்ந்தவரிடம், நாற்பதாம் வயதில், நாளை முதல் வருமானமில்லாமல் இரு என்று சொல்லும் உரிமை நமக்கு எளிதாகக் கிடைத்துவிடாது. சில்வா வசதியானவர், அவர் ஆடுவது தேவையால் இல்லை என்றே தோன்றுகிறது. அவரைவிடக் கீழே, அரங்கம் நிரம்பாத தொடக்கப் போட்டிகளில் ஆடும் நூற்றுக்கணக்கானோருக்கு அது தேவை. ஓய்வு நிதி பெருகினால், சரியான நேரத்தில் நிறுத்துபவர்களின் எண்ணிக்கையும் பெருகும் என்பதே என் நம்பிக்கை.

ஆகவே என் பதில்: கடைசிச் சொல் வீரருடையது, ஆனால் அதைத் தனியாகச் சொல்லும் நிலையில் அவரை விடக்கூடாது. பயிற்சியாளரே முதலில் பார்க்கிறார். எந்த மருத்துவ அறிக்கைக்கும் முன்பே, பயிற்சியின்போது மாணவர் முன்னைவிட எளிதாகத் தடுமாறுவதை அவர் கண்டிருப்பார். அந்த உண்மையைச் சொன்னால் மாணவரை இழக்க நேரும் என்று தெரிந்தும் சொல்கிறவரே நல்ல பயிற்சியாளர்.

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அமெச்சூர் போட்டிகளில் ஆடினேன். சில்வாவைப் பார்க்கும்போது மறுபடி ஆடலாம் என்று தோன்றுகிறது. எந்த அறிகுறிகளை வைத்து முடிவு செய்வது?

சில்வாவை அளவுகோலாக வைக்காதீர்கள். அவரைப் போன்ற உடலும் கண்ணும் பல்லாயிரத்தில் ஒருவருக்கு அமைவது.

ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில் லேசான குத்துக்கே கண் இருட்டுகிறதா, பயிற்சிக்குப் பிறகு தலைவலி மறுநாள் வரை நீடிக்கிறதா, பழகிய பெயர்கள் நாவில் வராமல் தடுமாறுகின்றனவா, காரணமில்லாத எரிச்சலும் தூக்கக் குறைவும் வீட்டாருக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதை உங்களைவிட உங்கள் வீட்டார் தெளிவாக அறிவார்கள், அவர்களைக் கேளுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் போட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் நரம்பியல் மருத்துவரைச் சந்தியுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும்கூட, தலையில் அடி விழாத ஜியு-ஜிட்சு, மல்யுத்தப் போட்டிகளை நான் பரிந்துரைப்பேன். ஐம்பதிலும் அறுபதிலும் ஆடுபவர்களுக்கென அங்கே வயதுப் பிரிவுகளே உள்ளன.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சில்வா இப்போது நிறுத்த வேண்டுமா, வேண்டாமா?

நிறுத்த வேண்டும். மேலே சொல்லாமல் ஒத்திவைத்த காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கூண்டை விட்டு அவர் 2020லேயே வெளியேறிவிட்டார். அதன் பிறகு கலப்புத் தற்காப்புக் கலையில் அவர் ஆடவில்லை. குத்துச்சண்டையோ காலுக்கும் முழங்காலுக்கும் பாதுகாப்பானது, தலைக்கு அப்படி இல்லை. கூண்டில் நாக் அவுட், பிடியில் சிக்கித் தோல்வியை ஒப்புக்கொள்ளல், மதிப்பெண் என மூன்று வகையாகப் போட்டி முடியலாம், அடி வாங்கியவர் தற்காத்துக்கொள்ள முடியாத நிலைக்கு வந்ததும் நடுவர் பாய்ந்து தடுத்துவிடுவார். குத்துச்சண்டையில் தாக்குதல் முழுவதும் கைகளால், பெரும்பகுதி தலைக்கு. விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்து, ஏற்கெனவே அதிர்ந்த மூளையோடு மேலும் அடி வாங்க விதி இடம் தருகிறது. 2022 அக்டோபரில் தம்மைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவரான ஜேக் பாலுடன் ஆடியபோது, எட்டாம் சுற்றில் சில்வா கீழே விழுந்து எழுந்ததையும் நாம் பார்த்தோம்.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவ நிறுவனம் 2011 முதல் லாஸ் வேகஸில் தொழில்முறைச் சண்டை வீரர்களின் மூளையை ஆண்டுதோறும் படமெடுத்து ஆராய்ந்து வருகிறது. தலையில் அதிகம் அடி வாங்கியவர்களுக்கு மூளையின் சில முக்கியப் பகுதிகளின் அளவு குறைந்திருப்பதை அது கண்டது. ஆனால் 2022இல் வெளிவந்த அதன் இன்னொரு முடிவை யாரும் போதுமான அளவு பேசவில்லை: ஓய்வு பெற்ற வீரர்களின் நினைவாற்றலும் சிந்தனை வேகமும் பின்வந்த ஆண்டுகளில் ஓரளவு மேம்பட்டன, தொடர்ந்து ஆடியவர்களுக்கு அப்படி நிகழவில்லை. நிறுத்தினால் மூளைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள ஓரளவேனும் வாய்ப்பு கிடைக்கிறது என்றால், நிறுத்தாமல் கடக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த வாய்ப்பிலிருந்தே கழிகிறது. நாள்பட்ட மூளைச் சிதைவு நோயை இறப்புக்குப் பின்னரே உறுதியாகக் கண்டறிய முடியும் என்பதால், இப்போது எல்லாம் நன்றாக இருக்கிறதே என்ற ஆறுதலும் நம்பத்தக்கதில்லை.

புகழைக் காக்க அவர் விலக வேண்டும் என்பவர்களோடு நான் சேராததற்கு இதுவே காரணம். அவருடைய புகழுக்கு ஒன்றும் ஆகாது, யு.எஃப்.சி.யின் புகழ்மண்டபம் 2023லேயே அவரை ஏற்றுக்கொண்டது. சனனோடு பத்தாண்டுப் பகை முடிந்து, 2024 ஜூனில் சாவோ பாவுலோவில் இருவரும் காட்சிக் குத்துச்சண்டைப் போட்டியாக ஐந்து சுற்றுகள் ஆடிச் சமனில் முடித்துக் கட்டித் தழுவிக்கொண்டபோதே, பிரேசில் ரசிகர்களிடம் அவர் விடைபெற்றாகிவிட்டது. மயாமியில் கிடைத்தது வெற்றி. வெற்றிக்குப் பிறகு விலகும் வாய்ப்பு கொச்சூருக்குக் கிடைக்கவில்லை, லிடெலுக்குக் கிடைக்கவில்லை, டெஷேராவுக்கும் கிடைக்கவில்லை. சில்வாவுக்குக் கிடைத்திருக்கிறது.

2020 அக்டோபர் 31 இரவு, பெருந்தொற்றால் பார்வையாளர்களே இல்லாத அரங்கில், நடுவர் போட்டியை நிறுத்தியதும் வென்ற யூரையா ஹால் கொண்டாடவில்லை. தம் ஆதர்ச வீரரின் அருகே மண்டியிட்டு, கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். அடி வாங்கித் தளர்ந்திருந்த சில்வாதான் அவரை அணைத்துத் தேற்றினார். அந்தத் தெளிவோடு அவர் தம் எழுபதுகளிலும் இளம் வீரர்களிடம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்க விரும்புகிறேன்.